புது காரை யாரிடம் சர்வீஸுக்கு விடுவது?

போன இதழில் புது கார் டெலிவரி எடுக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே விடுவதா, தெருமுனை மெக்கானிக்கிடம் விடுவதா? புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ரிட்டயர் ஆகும்வரை ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தினேன். குடியிருப்பது தண்டையார்பேட்டை. என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் யூனிஃபார்ம் போட்டு வேலை பார்க்கிறார்கள். சிலர் மூலக்கடையிலும் கொருக்குப்பேட்டையிலும் சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்துப் பில்லையும் எடுத்துக்கொண்டு ஜனங்கள் என் வீட்டுக்கு வருகிறார்கள். அதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன். மூன்று வருஷ வாரண்டி. இலவச சர்வீஸ் எல்லாம் முடிந்து இப்போது 20,000 கிலோமீட்டர் சர்வீஸ். கம்பெனியில் 11,400 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் 4,500 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்கிறார். வெளியே விட்டால் வாரண்டி போய்விடும் என்கிறார் அட்வைசர். உண்மையா? எஸ்டிமேட்டை இணைத்திருக்கிறேன்.
— வாசகர், புதுவண்ணாரப்பேட்டை

கம்பெனியிலேயே விடுங்கள். ஆனால் 11,400 கொடுக்காதீர்கள்.

முதலில் வாரண்டி விஷயம். 2014 ஆகஸ்ட்டில், வியாபாரப் போட்டி முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஸ்பேர் பார்ட்ஸையும், வண்டியின் கோளாறைப் படிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த உத்தரவிலேயே உங்கள் கேள்விக்கும் பதில் இருக்கிறது. வெளியே வேலை பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியே செய்த தப்பான வேலையால் எது கெட்டதோ அந்த அளவுக்குத்தான் வாரண்டியை மறுக்கலாம் என்றது ஆணையம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போய் வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. ஆக, அட்வைசர் சொல்வதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அப்படியானால் ஏன் கம்பெனியிலேயே விடச் சொல்கிறேன்? உங்கள் வாரண்டிப் புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். குறித்த காலத்தில், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் நடந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். நாளைக்கே எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ பெரிய கோளாறு வந்தால் அவர்கள் முதலில் தேடுவது அந்த சர்வீஸ் பதிவைத்தான். அது இல்லையென்றால், கோளாறுக்கும் வெளி சர்வீஸுக்கும் சம்பந்தம் இல்லை என்று நீங்கள் அலைந்து திரிந்து நிரூபிக்க வேண்டும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதுவரை வண்டி ஓடாது. பழைய அம்பாசடரில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். இன்றைய வண்டியில் ஒரு கண்ட்ரோல் யூனிட் போனாலே பல்லாயிரம் ரூபாய் செலவு. வாரண்டி என்பது அந்த மாதிரி நாளுக்காக நீங்கள் முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பது.

இப்போது எஸ்டிமேட்டுக்கு வருவோம். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், பிரேக் ஆயில், லேபர், வரி எல்லாம் சேர்த்து 6,400. இதில் கை வைக்காதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை இறங்கிவிடும். அதனால்தான் பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன. கடலோரத்தில் இருக்கும் நாம் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

மீதி 5,000 ரூபாயைப் பாருங்கள். எஞ்சின் ஃப்ளஷ் 650. ஏ.சி. கிருமிநீக்கம் 900. த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங் 750. உள்ளும் புறமும் பாலிஷ் 1,500. வீல் அலைன்மென்ட், பேலன்சிங் 1,200. உங்கள் காரின் கையேட்டில் பராமரிப்பு அட்டவணை ஒன்று இருக்கும். 20,000 கிலோமீட்டர் கட்டத்துக்கு நேரே விரலை வைத்துப் பாருங்கள். அங்கே எஞ்சின் ஃப்ளஷ் இருக்கிறதா? நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டிக்கு 20,000-த்தில் எதைக் கழுவி வெளியேற்றப் போகிறார்கள்? ஐடிலில், அதாவது எஞ்சின் ஓட வண்டி நிற்கும்போது, வண்டி ஆடினால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யலாம். ஏ.சி. போட்டதும் வாடை வந்தால் அதற்கான வேலையைச் செய்யலாம். உங்கள் கடிதத்தில் இரண்டு குறையும் இல்லை. ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, டயர் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அலைன்மென்ட் செய்யுங்கள். அதை வெளியே கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடையில் செய்தாலும் வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது.

இவற்றை அடித்துவிட்டால் பில் 6,400. உங்கள் மெக்கானிக் கேட்பதற்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசம் இரண்டாயிரத்துக்கும் குறைவு. அந்த இரண்டாயிரத்துக்காக வாரண்டியை வம்பில் மாட்டிவிட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. "இதெல்லாம் போட்டே ஆக வேண்டும் சார்" என்று அட்வைசர் வற்புறுத்தினால், கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையிடம் கோபப்பட வேண்டாம். மாதாமாதம் இத்தனை ஃப்ளஷ், இத்தனை பாலிஷ் விற்க வேண்டும் என்று அவருக்கு மேலிருந்து டார்கெட் வருகிறது. என்னிடம் படித்தவர்களே சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

உங்கள் மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள். இன்னும் ஒரு வருஷத்தில் அவர் தேவைப்படுவார்.

நான் தனியாகப் போய் வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். அட்வைசர் என் கணவரின் நம்பரைக் கேட்டு வாங்கி, அவரிடம் போனில் பேசிக் கூடுதல் வேலைகளுக்குச் சம்மதம் வாங்கிவிட்டார். வண்டி ஓட்டுவது நான். குறை தெரிந்தவளும் நான். அடுத்த முறை எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
— வாசகி, பெரம்பூர்

அம்மா, படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. வண்டியின் சத்தத்தைத் தினம் கேட்கிறவரை விட்டுவிட்டு வேறொருவரிடம் கேட்டால் குறை எப்படிப் பிடிபடும்?

அடுத்த முறை, என்ன குறை, என்ன வேலை என்று எழுதும் ஜாப் கார்டை நீங்களே கையில் வாங்குங்கள். அதில் உங்கள் நம்பர் மட்டும் இருக்கட்டும். குறை என்ற இடத்தில் "பிரேக் செக்" என்று இரண்டு வார்த்தையில் எழுதிவிடுவார்கள், அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். "காலையில் முதல் பத்து நிமிஷம், பிரேக் லேசாக மிதிக்கும்போது, இடது முன்பக்கம் கீச்சென்று சத்தம்" என்று உங்களுக்குத் தெரிந்ததை முழுசாக எழுதச் சொல்லுங்கள், அல்லது நீங்களே எழுதுங்கள். நல்ல டெக்னீஷியனுக்கு அந்த ஒரு வரியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். சத்தம் வருகிற இடத்தைச் சொல்வது கஷ்டமாக இருந்தால் டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கள். அது உங்கள் உரிமை.

கையெழுத்துப் போடுமுன் கீழே ஒரு வரி எழுதுங்கள்: "என் சம்மதம் இல்லாமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது. கழற்றிய பழைய பார்ட்ஸை டிக்கியில் வைக்கவும்." கிலோமீட்டரும் பெட்ரோல் அளவும் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு ஜாப் கார்டை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி திரும்பி வந்ததும் கிளம்புமுன் பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து ஒரு முறை விட்டு எடுங்கள். பெட்ரோல் வண்டியானால் புது ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும், இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கும்.

செய்யாத வேலைக்குப் பில் போட்டிருந்தால் முதலில் சர்வீஸ் மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள். அசைந்து கொடுக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் எடுத்த அந்த போட்டோதான் அங்கே சாட்சி.

எண்ணூரிலிருந்து மணலிக்குத் தினமும் காரில் வேலைக்குப் போகிறேன். கன்டெய்னர் லாரிக்குப் பின்னாலேயே பயணம். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை சர்வீஸ் போதுமா?
— வாசகர், எண்ணூர்

போதாது. கையேட்டில் சாதாரண அட்டவணைக்குப் பக்கத்திலேயே தூசி, நெரிசல், குறைந்த தூரப் பயணம் போன்ற கடுமையான சூழலுக்கு என்று இன்னொரு அட்டவணை பெரும்பாலும் இருக்கும். உங்கள் ரோடு அந்தக் கணக்கில்தான் வரும்.

இரண்டு சர்வீஸுக்கு நடுவில் ஏர் ஃபில்டரை ஒரு முறை கழற்றிப் பாருங்கள். இதற்குக் கம்பெனிக்குப் போக வேண்டாம், பக்கத்து மெக்கானிக்கிடம் ஐந்து நிமிஷ வேலை. மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்தக் காகிதத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் புதிது என்றால் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். உங்கள் பக்கத்து வண்டி ஒன்றில் சமீபத்தில் கழற்றிக் காட்டினார்கள். ஒரு பக்கம் முழுக்கக் கரியும் மண்ணும் அப்பி, மடிப்புகளின் அடியில் சின்னச் சின்னக் கல் துணுக்குகூடக் கிடந்தது. வெளிச்சம் ஒரு பொட்டுகூட வரவில்லை. வண்டிக்காரர் அதுவரை மைலேஜ் குறைந்ததற்குப் பெட்ரோல் பங்க்கைத் திட்டிக்கொண்டிருந்தார். லேசான தூசி என்றால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் காற்றடித்து மாட்டலாம். தண்ணீரில் கழுவக் கூடாது. கறுத்துவிட்டால் மாற்றிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது மூடியின் கிளிப் எல்லாம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இடுக்கு இருந்தால் மண் நேரே எஞ்சினுக்குள் போகும்.

ஏ.சி. ஃபில்டரை நீங்களே மாற்றலாம். பல வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்ளே அமுக்கினால் அது கீழே இறங்கும். பின்னால் ஒரு மூடி, அதற்குள் ஃபில்டர். ஃபில்டர் மேல் இருக்கும் அம்புக்குறி, பழையது இருந்த திசையிலேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நீட்டித்த வாரண்டி வாங்கலாமா?
— வாசகர், மாதவரம்

ஆட்டோமேட்டிக் கியர், டர்போ, ஹைபிரிட், இதில் ஏதாவது ஒன்று இருக்கும் வண்டி என்றால் வாங்குங்கள். சாதாரண மேனுவல் பெட்ரோல் வண்டி, வருஷத்துக்கு ஐந்தாறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடும் என்றால் அவசியம் இல்லை. அதை வாங்கினால் அது முடியும்வரை சர்வீஸும் கம்பெனியில்தான் விட வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வாரண்டி முடிந்துவிட்டது. இனி வெளி மெக்கானிக்தான் என்று முடிவு செய்துவிட்டேன். நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், கொளத்தூர்

நல்ல முடிவு. நானும் வாரண்டி முடிந்த வண்டியை வெளியேதான் கொடுக்கிறேன். கம்பெனியில் வண்டி உள்ளே போனதும் கதவு சாத்திவிடும். வெளியே உங்கள் கண்ணெதிரே வேலை நடக்கும், கை வைத்தவரிடமே பேசலாம்.

கொருக்குப்பேட்டையில் ஷெட் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் எப்படி வேலை செய்கிறான் என்று சொல்கிறேன், அதை வைத்து எடை போடுங்கள். வண்டி வந்ததும் ஸ்பேனரை எடுக்க மாட்டான். கையேட்டைக் கேட்பான், இல்லையென்றால் போனில் அந்த மாடலுக்கு எந்த கிரேடு ஆயில், எத்தனை லிட்டர் என்று பார்ப்பான். ஸ்கேனரை மாட்டி எர்ரர் கோடு ஏதாவது இருக்கிறதா என்று படித்துக் காட்டுவான். பழைய ஆயிலை இறக்கும்போது எஞ்சின் சூடாக இருக்கும். அவசரப்படாமல் கடைசிச் சொட்டு வரை வடிய விடுவான். ஆயில் இறக்கும் துளையை மூடும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுவான். பத்திருபது ரூபாய் சமாச்சாரம், பல இடங்களில் பழையதையே திருப்பி மாட்டுவார்கள், அப்புறம் ஆயில் கசியும். போல்ட்டை, குறித்த அளவு இறுக்கத்துக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்சில் முறுக்குவான். சீல் உடைக்காத ஆயில் கேனை உங்கள் முன்னால் திறந்து ஊற்றுவான். காலி கேனில் ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டை போட்டுவிட்டுத்தான் மூலையில் வைப்பான், யாரும் அதில் டூப்ளிகேட் ஆயிலை நிரப்பி விற்கக் கூடாது என்பதற்காக. இந்த ஓட்டை போடும் பழக்கம் ஒன்றுக்காகவே நான் அவனிடம் எல்லோரையும் அனுப்புகிறேன்.

ஆயில் கிரேடில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். இப்போது வரும் மாருதி பெட்ரோல் எஞ்சின்களில் பலவற்றுக்கு 0டபிள்யூ-16 என்ற மிக மெல்லிய ஆயில். பழைய வண்டிகளுக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 கெட்டியானது. "எல்லாம் ஒரே ஆயில்தான் சார்" என்று டிரம்மிலிருந்து பிடித்து ஊற்றும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை மாசுக்கான விதி) டீசல் வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். தப்பான ஆயில் அந்த ஃபில்டரை அடைத்துவிடும், மாற்றுவது பெரிய செலவு.

பார்ட்ஸை நீங்களே வாங்கிக் கொடுப்பது இன்னும் நல்லது. மாருதி, ஹூண்டாய் ஒரிஜினல் பார்ட்ஸ் எல்லாம் வெளிக் கடைகளில் பில்லோடு கிடைக்கிறது. பெட்டியில் ஹாலோகிராமும் விலையும் இருக்கும். புதுப்பேட்டைக்குப் போய் செகண்ட் ஹேண்ட் கண்ணாடி, கதவு வாங்குங்கள், தப்பில்லை. பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

பில் வாங்குங்கள். என்ன ஆயில், எத்தனை கிலோமீட்டரில் என்று எழுதியிருக்க வேண்டும். விற்கும்போது அந்தப் பில்கட்டுக்கு விலை உண்டு. கம்பெனி தன் தயாரிப்புக் குறைக்காக வண்டிகளைத் திரும்ப அழைத்தால் வாரண்டி முடிந்திருந்தாலும் போங்கள், அந்த வேலை இலவசம். கம்பெனி இணையதளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டால் உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று தெரியும்.

மழையில் எங்கள் தெருவில் சீட் வரை தண்ணீர் ஏறிவிடுகிறது. போன முறை பக்கத்து வீட்டுக்காரர் காரை ஸ்டார்ட் செய்து எஞ்சினே போய்விட்டது. அப்படி நடந்தால் மெக்கானிக்கை அழைப்பதா, கம்பெனியை அழைப்பதா?
— வாசகி, புளியந்தோப்பு

முதலில் யாரையும் சாவியைத் தொட விடாதீர்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். தண்ணீர் வடிந்ததும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்பதற்கு உள்ளும் வெளியும் போட்டோ எடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். அதற்குமுன் எந்த மெக்கானிக்கும் ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது.

வெள்ளத்தில் மாட்டிய வண்டி எத்தனை பழசானாலும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போகட்டும். ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட் பல வண்டிகளில் கியர் லீவருக்குக் கீழே, தரையோடு ஒட்டி இருக்கிறது. வயரிங் கனெக்டர்கள் கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கின்றன. அத்தனையையும் கழற்றி உலர்த்தி சோதிக்கும் வசதி சின்ன ஷெட்டுகளில் இருக்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும், அதனால் அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் ஆக்சில் பூட், புஷ் போன்ற ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

அடுத்த பாலிசியில் "எஞ்சின் புரொடெக்ட்" என்ற கூடுதல் காப்பீட்டையும் சேர்த்து எடுங்கள். அது இல்லாத பாலிசியில், தண்ணீரில் ஸ்டார்ட் செய்து எஞ்சின் உடைந்ததைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். நம் பகுதிக்கு இது ஆடம்பரம் இல்லை.

புது கார் வாங்கி ஒன்றரை மாதம் ஆகிறது. 600 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. முதல் இலவச சர்வீஸ் 1,000 கிலோமீட்டரில்தானே?
— வாசகர், திருவொற்றியூர்

1,000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், எது முதலில் வருகிறதோ அது. மாருதியில் அப்படித்தான், அடுத்தவை 5,000 அல்லது ஆறு மாதம், 10,000 அல்லது ஒரு வருஷம். வேறு கம்பெனி என்றால் உங்கள் புத்தகத்தில் பாருங்கள். நாள் தாண்டிவிட்டது என்று இன்றைக்கே போன் செய்து சொல்லி, இந்த வாரமே விடுங்கள். சில நாள் சலுகை கொடுப்பது வழக்கம். இலவசம் என்பது லேபர் மட்டும், ஆயில் மாற்றினால் அதற்குக் காசு உண்டு.

காசிமேட்டில் மீன் வியாபாரம். காரில்தான் கூடை ஏற்றுகிறேன். அண்டர்பாடி கோட்டிங் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?
— வாசகர், காசிமேடு

உங்களுக்கு அடிக்கலாம். மற்றவர்களுக்கு இந்த அளவு வற்புறுத்த மாட்டேன். ஆனால் அடிக்குமுன் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி முழுசாக உலர வைக்கிறார்களா என்று நேரில் நின்று பாருங்கள். உப்பு ஈரத்தின் மேல் கோட்டிங் அடித்தால் துரு உள்ளுக்குள்ளேயே பரவும். டிக்கியில் தார்ப்பாய் விரித்து, கூடைக்குக் கீழே ஓரம் உயர்ந்த பிளாஸ்டிக் ட்ரே வையுங்கள், ஐஸ் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கக் கூடாது. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைப் பீச்சி அடித்துக் கழுவுங்கள். கதவுகளின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும், செதிலும் மணலும் அடைத்திருந்தால் ஒரு ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துவிடுங்கள்.